ரயில் வராத கச்சேரி

எங்கள் பேண்டு செட்டுக்கு ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இது எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது.

பெரியப்பாவுக்குப் பெரிய டிரம், அப்பாவுக்கு டிரம்பெட், மற்றதை ஊதவும் தட்டவும் மாமாக்கள் நாலு பேர். சிவப்புக் கோட்டும் சரிகை வைத்த தொப்பியும் போட்டுவிட்டால் ஆறு பேரும் புதுமாப்பிள்ளைகள்தான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தவக்காலத்தில் வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளிலும் கிடையாது. அந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது சேரன்மகாதேவி ரோட்டு ரயில்வே கேட். செங்கோட்டை பாசஞ்சருக்காக கேட்டை அடைத்ததும் பஸ், லாரி, பைக் எல்லாம் வரிசையாக நின்றுவிடும். யாரும் எங்கேயும் ஓட முடியாது. உடனே எங்கள் ஆட்கள் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ரயில் போய் கேட் தூக்கியதும், வண்டியை விட்டு இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டுவார்கள். பாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடுவார். வண்டி நகர்வதற்குள் காசு வாங்கினால்தான் உண்டு.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் என்ஜின் டிரைவருக்கு என்ன குஷியோ, நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். அப்பா விடுவாரா? அதே சுருதியில் திருப்பி ஊதினார். அவர் மறுபடி அடித்தார், இவர் மறுபடி ஊதினார். பஸ்ஸில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட, ஊரெல்லாம் அதே பேச்சு. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத திசையன்விளைச் சொந்தக்காரர்கள்கூட போன் போட்டு உறவு கொண்டாடினார்கள்.

பிறகு சென்னையிலிருந்து இசைவிழா நடத்தும் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பாளையங்கோட்டையில் ஓர் அரங்கில் ஒரே ஒரு பாட்டு வாசியுங்கள், எடுபட்டால் ஊர் ஊராகக் கூட்டிப்போகிறேன், எடுபடாவிட்டால் அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கேட்டுக்கு மேலே மேம்பாலம் முக்கால்வாசி எழும்பியிருந்தது. அதைத் திறந்துவிட்டால் அப்புறம் எங்கள் முன்னால் யார் நிற்கப் போகிறார்கள்?

தினமும் வீட்டில் ஒத்திகை நடந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் நிறுத்தினார்கள். பாட்டுக்கு முடிவு என்று ஒன்று வேண்டுமே என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

அரங்கில் அம்மாவும் நானும் முன்வரிசைகளில் ஒன்றில் இருந்தோம். திரை விலகியதும் பெரியப்பா டிரம்மில் ஒரு போடு போட்டார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்பா உச்சிக்குப் போனபோது கூட்டம் விசிலடித்தது. முன் நாற்காலியைத் தட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்துபோனது. பாட்டு முடிய வேண்டிய இடத்துக்கு வந்தது. முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதன்பிறகு இன்னொரு சுற்று. பெரியப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, "போதும்லே, முடி" என்றார்.

அப்பா டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். "எப்படிண்ணே முடிக்க? ரயில் வரலையே."

அரங்கமே சிரித்தது. சென்னைக்காரர் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா என் விரல்களை நெரித்தாள். எல்லாம் போச்சு, இனி பழையபடி வெயிலில்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்பாவுக்கு என்ன வெறி வந்ததோ, ரயில் ஹாரனைத் தானே ஊதினார். முதலில் தூரத்தில் கேட்பதுபோலப் பைய, பிறகு பக்கத்தில், பிறகு காதுக்குள்ளேயே. மாமாக்கள் சக்கரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா அடித்த அடியில் நாற்காலிகள் அதிர்ந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், செங்கோட்டை பாசஞ்சர் அன்றைக்கு அரங்குக்குள் வந்துவிட்டுப் போனது.

கூட்டம் மொத்தமாக எழுந்தது. அவ்வளவுதான், பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. அப்பா பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து எங்கள் பக்கம் ஓடிவந்தார். மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, எல்லாரும் கெளம்புதாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் பையை எடுக்கவில்லை, வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. சென்னைக்காரர்கூட எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் போகலப்பா. சும்மா நிக்காங்க."

அப்பா தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டார். அம்மா அழுதாள். அங்கிருந்துதான் எங்கள் செட் சென்னைக்கும் கொச்சிக்கும் சிங்கப்பூருக்கும் போனது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழி அடைத்தால் ஒழிய எங்கள் முன்னால் யாரும் நின்று நான் பார்த்ததே இல்லை. யாரோ வெளிக்கதவைப் பூட்டிவிட்டார்கள், பாவம், போக வழியில்லாமல்தான் இத்தனை பேரும் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.