பாதிப் பாஸ்வேர்டு

எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவளை எல்லோரும் 'பூட்டக்கா' என்றுதான் கூப்பிடுவோம். திரையைப் பூட்டாமல் யாராவது எழுந்துபோனால், "வீட்டையும் இப்படித்தான் திறந்துபோட்டுட்டு வந்தீங்களா?" என்பாள்.

வரைபடங்களின் நகலை ஒரு டிஸ்கில் எடுத்து, எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல் அலமாரியில் வைப்பாள். அதன் பாஸ்வேர்டில் முன்பாதி முதலாளிக்கு மட்டும் தெரியும். பின்பாதி அவளுக்கு மட்டும்.

முதலாளியின் மாப்பிள்ளைக்குப் பாஸ்வேர்டு என்றாலே வேப்பங்காய். பூட்டாத லேப்டாப்பைப் போட்டி நிறுவனத்தின் மீட்டிங் அறையில் மறந்துவிட்டு வந்தார். எங்கள் டிசைன் அவர்கள் பெயரில் வெளிவந்தது. பழி அக்கா தலையில் விழுந்தது. "டிசைனை வித்துட்டா" என்று மாப்பிள்ளை அவளை விரட்டினார். அவள் வேலை கேட்ட இடங்களுக்கெல்லாம் போன் போட்டு அதையே சொன்னார். விரட்டிய அன்று முதலாளியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தம்பியின் கடையில் உடைந்த போன் திரைகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் மாப்பிள்ளை மெயிலில் வந்த ஏதோ கோப்பைத் திறந்தார். வைரஸ் புகுந்து எல்லா கம்ப்யூட்டர்களிலும் வரைபடங்கள் முடங்கின. தப்பியது அலமாரியிலிருந்த டிஸ்க் ஒன்றுதான்.

கூப்பிட்டதும் அக்கா வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க சார். என்னைப் பத்தி யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டயெல்லாம் இப்பப் பேசுங்க."

"முதல்ல டிஸ்க்கைத் திறம்மா. அதுக்கென்ன அவசரம்?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு அவசரமே இல்ல."

முதலாளி தரையைப் பார்த்தபடி, "பேசுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை முதல் எண்ணை அழுத்தினார். "அது வந்து சார்... நடுவுல ஒரு சின்னக் குழப்பம்..."

"மழுப்பாதீங்க" என்றாள் அக்கா. "லேப்டாப்பை விட்டுட்டு வந்தது யாரு?"

"நான்தான்."

"பாஸ்வேர்டு?"

"போடல."

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அடுத்தவருக்குப் போடுங்க" என்றாள். கடைசி அழைப்புக்குள் மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முதலாளி அவசரமாகத் தன் பாதியைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க ஐயா?"

"நான் யாருக்கும்மா போன் போடணும்?"

"என் மாமியாருக்கு. என்னைத் திருடின்னு நெனச்சு இன்னும் பீரோ சாவியை இடுப்புலயே வச்சிருக்காங்க."

அவள் எண்ணைச் சொல்ல, முதலாளியே அழுத்தினார். அந்த அம்மாள் காது மந்தம். பெரியவர் சத்தம் போட்டு, முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அக்கா கீபோர்டைத் தொடவில்லை.