நடுவில் இருந்தது பொம்மை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய வரும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசத் தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பஜாரில் ஒரு பூஜை சாமான் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பித்தளை விளக்குப் பெட்டிகளைச் சுமந்து முதுகு போனபிறகு, ஸ்கூட்டரில் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை முதலாளி தந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நவராத்திரிக்கு முந்தின வாரம், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருக்கும் ஒரு மாமியின் கொலு பொம்மைக்கு எங்கள் கடையில் புது வர்ணம் அடித்திருந்தோம். காகிதக் கூழில் செய்த அம்பாள். இடுப்பளவு உயரம், கனமே இல்லை. நான் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மாமியே வந்துவிட்டார்.

"அம்பாளை சாக்குல கட்டுவேளா? கண் தொறந்தாச்சு. மூஞ்சிய மூடப்படாது. மனுஷா மாதிரி ஒக்கார வெச்சு அழைச்சுண்டு வாங்கோ."

பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, அம்பாளை ஸ்கூட்டரில் ஏற்றினோம். பின்னால் என்னோடு கடையில் வேலை பார்க்கும் அண்ணாச்சி அவளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். கிழக்கேகோட்டை வரைக்கும் அண்ணாச்சி, "லேய், குழியில விடாத, அம்ம எறங்கி நடந்திருவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் கழித்து போக்குவரத்து ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்களாம். நடுவில் இருந்த பெண்ணுக்கு ஹெல்மெட் இல்லையாம். கூடவே ரோட்டுக் கேமரா எடுத்த ஒரு படம். அதில் அம்பாள் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ் தீரட்டு. அதுவர வண்டியத் தொடாண்டாம்" என்றார் முதலாளி. மறுபடியும் விளக்குப் பெட்டி. மூன்றாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நோட்டீசைப் பார்த்துவிட்டு, "இது ஏஐ கேமராவாணு, சேட்டா. அதினு புத்தியுண்டு. தெற்றில்லா" என்றார். அதற்கு அறிவு இருக்கிறது, அது தப்பாது என்று அர்த்தம். நான் "சரி சார்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என்மேல்தான் ஆத்திரம் வந்தது. பொம்மை என்ற ஒரு சொல்லைச் சொல்லக்கூட எனக்கு வாய் இல்லை.

அடுத்த தடவை அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்னதும் கிளார்க் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அய்யோ, இது பாவயாணல்லோ!" என்று சிரித்து, மற்ற மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுப் பொம்மையைக் காட்டினார். "வெறும் மெஷினல்லே, அதினு எந்தறியாம்?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா? அப்ப கேச எடுத்திருங்க சார்" என்றார் அண்ணாச்சி.

அது முடியாதாம், சிஸ்டத்தில் ஏறிவிட்டதாம். பொம்மையை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. குற்றம் சொல்லும்போது அதற்கு அறிவு உண்டு. தப்புச் செய்தபிறகு அது வெறும் மெஷின். ஒரே மேஜை, ஒரே ஆள், ஒரே கேமரா.

மாமியிடம் போய் நின்றேன். விஜயதசமி அன்றைக்கே பொம்மையைப் படுக்க வைத்தாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று என்றார். "இனிமே அடுத்த நவராத்திரிக்குத்தான் எழுப்புவேன். தூங்கறவாளை எழுப்பி ஆபீசுக்கு அனுப்புவாளோ?" காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் அவளுடைய போனை நீட்டினாள். "அப்பா, இதுட்ட பறஞ்சா போதும். இது எழுதித் தரும். இதும் ஏஐதான்."

போனிடம் பேச எனக்குக் கூச்சம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கள் சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறேன்" என்றது. கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு வருத்தம்னா என்னான்னு தெரியுமா?"

தனக்கு உணர்வு உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மனு எழுதித் தர முடியும் என்றது. இத்தனை நாளில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வருந்த வேண்டியவர்கள் யாரும் வருந்தவில்லையே.

அது எழுதிய மனுவை அச்செடுத்துக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு வரி படித்தார். "இது ஏஐ எழுதியதல்லே? இது எடுக்கில்லா. ஸ்வந்தமாயிட்டு எழுது."

ஏஐ சொன்ன குற்றத்தை எடுத்துக்கொள்வார்கள், ஏஐ எழுதிய மனுவை மட்டும், சொந்தமாக எழுதிவா என்று தள்ளிவிடுவார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது.

"பொம்மைக்கும் உயிரில்ல, கேமராவுக்கும் உயிரில்ல சார். ஒங்களுக்கு இருக்குல்லா?"

சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிளார்க் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'நடுவில் இருந்தது பொம்மை. வண்டி ஓட்டியவன் நான். எனக்கு முதுகு வலிக்கிறது. கேசை எடுத்துத் தர வேண்டும்.' அதற்குமேல் எழுத வரவில்லை.

"நோக்காம்" என்று சொல்லி, கிளார்க் அதை மற்ற மனுக்களின் கட்டோடு வைத்தார். பார்க்கலாம் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் ஆகிவிட்டது. நேற்றும் பெட்டி சுமந்தேன். மனுவில் இடம் இல்லாமல் விட்டதையெல்லாம் இன்று லீவு நாளில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன்.

கார்த்திகை 9, ஞாயிற்றுக்கிழமை.