செடிக்கு வந்த போன் கால்

எங்க வீட்டுத் தக்காளிச் செடிக்குப் போன மாசம் ஒரு போன் கால் வந்தது. அதுவும் வீடு நிறைய ஆளுங்க முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்த நேரத்துல!

சிரிக்காதீங்க. முழுசா சொல்றேன்.

எங்க ராயபுரத்துல செடி வளர்க்கிறது லேசுப்பட்ட காரியமில்லை. சந்துல வெச்சால் ஆடு. மொட்டை மாடியில வெச்சால் ஹார்பருக்குப் போற லாரிங்க கிளப்புற கருப்புத் தூசி — இலைக்கு மை பூசின மாதிரி ஆகிடும். ரெண்டு செடியை அப்படிப் பறிகொடுத்துட்டு, மூணாவதை வீட்டுக்குள்ளேயே வளர்க்க ஆரம்பிச்சேன். பழைய பெயின்ட் டப்பா, கொஞ்சம் செம்மண், கடைத் தக்காளியைப் பிழிஞ்சு எடுத்த விதை.

வெயில் வர்ற ஜன்னல் எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணு. அங்கே ஏற்கெனவே ஒரு மகாராணி உட்கார்ந்திருந்தாங்க — என் மனைவி ஸ்டெல்லாவோட தையல் மெஷின். அதை நைசா சுவத்தோரம் தள்ளிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு டப்பாவை வெச்சேன். டியூப் லைட் வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்க முடியாமல் ஸ்டெல்லா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, உன் செடி ஜாக்கெட் தைச்சுக் குடுக்குமா?"

"காய் வரட்டும் பாரு. வூட்டுத் தக்காளியில நீயே ரசம் வெப்பே."

"சரி. மாதா நம்ம வூட்டுக்கு வர்ற அன்னிக்கு வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டு. இல்லன்னா ஜன்னல் என்னுது. டப்பாவை நீ தலையில வெச்சுக்கோ."

அக்டோபர்ல, எங்க ஜெபமாலை மாசத்துல, எங்க கோயில்ல இருந்து மாதா சுரூபம் — சிலைதான் — வீடு வீடா வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. தெருவே கூடி ஜெபிக்கும். அந்த நாளைத்தான் கெடுவா வெச்சுட்டாள்!

செடி நல்லாத்தான் வளர்ந்தது. மஞ்சள் மஞ்சளா பூத்தது. பூத்த வேகத்துலேயே... உதிர்ந்தது. காய் மட்டும் இல்லை. தினமும் ஜெபத்துல சேர்த்துக்கிட்டேன் — பிள்ளைங்க படிப்பு, என் மூட்டுவலி, தக்காளி. மாதா கிட்ட சின்ன விஷயம், பெரிய விஷயம்னு உண்டா என்ன?

கடைசியா யூடியூப்ல ஒருத்தர் விளக்கினார். வீட்டுக்குள்ள காத்து இல்லை, வண்டு இல்லை. அதனால மகரந்தம் தானா உதிராது. பூவை நாமதான் அதிர விடணும். அதுக்கு பேட்டரி டூத் பிரஷ்ஷைக் காம்புல வெச்சால் போதுமாம். நமக்கேது அதெல்லாம்? கையால குலுக்கலாமேன்னு கேட்பீங்க. குலுக்கினேன். ஹார்பர்ல இரும்புச் சங்கிலி இழுத்த கை இது... பூ, காம்பு, பக்கத்துக் கிளை எல்லாம் சேர்ந்து கையோட வந்துடுச்சு!

அப்பத்தான் மேஜை மேல இருந்த போன் 'டர்ர்ர்'னு அதிர்ந்தது. அட!

வேலையில எனக்கு ஒரு தோஸ்து — திருவொத்தியூர் செல்வம். "டெய்லி சாயங்காலம் எனக்கு போன் அடி. எடுக்க மாட்டேன். நீ வுடாத, அடிச்சிக்கினே இரு"ன்னு சொல்லி வெச்சேன். போனை வைப்ரேஷன்ல போட்டு, செடிக்கு ஊன்றின குச்சியில ரப்பர் பேண்டால கட்டிடுவேன். பூவெல்லாம் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும்.

ஸ்டெல்லா கவனிக்காமல் இருப்பாளா?

"யாருய்யா அது, டெய்லி அடிக்குது? எடுக்கவும் மாட்ற, கட் பண்ணவும் மாட்ற?"

"கம்பெனி கால்மா. ஏதோ ஆஃபராம்."

"ஆஃபர் சொல்றவன் இவ்ளோ ஆசையாவா கூப்டுவான்?"

பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார் கிட்ட சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

மாதா வர்ற நாளும் வந்தது. காய்? ஊஹூம். சுரூபத்தை ஜன்னல் முன்னாடி மேஜை போட்டு வெச்சாங்க. டப்பாவை எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா — காசிமேட்டுல மீன் விக்கிறவங்க — தடுத்துட்டாங்க. "இருக்கட்டும் தம்பி. மாதாவுக்குப் பின்னால பூவோட அழகா கீது." நாற்காலி இரவல், மெழுகுவர்த்தி, சுண்டல்னு ஓடின ஓட்டத்துல நான் மறந்தது ஒண்ணே ஒண்ணுதான். மத்தியானமே குச்சியில கட்டி வெச்ச போன்!

ஜெபமாலையில மொத்தம் அஞ்சு தேவரகசியம்; நாலாவது முடிஞ்சது. அஞ்சாவதை ஆரம்பிக்க எல்லாரும் மூச்சு இழுத்த நேரம்.

டர்ர்ர்ர்...

சத்தம் மாதாவுக்குப் பின்னாடி இருந்து. இலையெல்லாம் நடுங்குது. பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"மரியே! செடி ஆடுது பாருங்கடி! ஃபேன் கூட ஓடல!"

ரெண்டு பேர் அழவே ஆரம்பிச்சுட்டாங்க. நான் குனிஞ்ச தலை நிமிரவே இல்லை. அவ்வளவு பக்தி!

ஸ்டெல்லா எழுந்து போனாள். இலையை விலக்கினாள். போனை உருவி எடுத்தாள். பட்டனை அழுத்தின அவசரத்துல ஸ்பீக்கரும் ஆன் ஆகிடுச்சு.

"இன்னா மாமு, எவ்ளோ நேரந்தான் அடிக்கிறது? பூவு நல்லா குலுங்குச்சா இல்லியா?"

முதல்ல சிரிச்சது பிலோமினா அக்காதான். அந்தச் சிரிப்பு மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். "தம்பி, செடிக்கு ரீசார்ஜ் பண்ணிட்டியா?" அஞ்சாவது ரகசியத்தை ஒருத்தராலயும் நேரா சொல்லி முடிக்க முடியலை. மாதா மன்னிச்சிருப்பாங்க... அவங்க முகத்துலயும் லேசா ஒரு சிரிப்பு இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலையிலேயே மெஷின் ஜன்னலுக்கு வந்துடுச்சு. பந்தயம் பந்தயம்தானே? டப்பாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நடு வீட்டுல நின்னேன். ஸ்டெல்லாவுக்கே மனசு கேக்கலை.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. இப்டி குடு. மெஷின் பலகை ஓரத்துல இருந்துட்டுப் போவட்டும். தைக்கிற துணி மேல தண்ணி சிந்துச்சு... செடியும் வெளிய, நீயும் வெளிய!"

தீபாவளி ஆர்டர் வேற. மோட்டார் மெஷின் காலையில இருந்து தடதடன்னு ஓடிச்சு. பலகை அதிர, டப்பா அதிர, செடி அதிர... போன வாரம் எதேச்சையா இலையை விலக்கிப் பார்க்கிறேன் — பட்டாணி சைஸ்ல, பச்சைப் பசேல்னு, கொத்தா காய்!

செல்வம் தன் போனாலதான்னு அடிச்சுச் சொல்றான். பிலோமினா அக்கா மாதா செஞ்ச புதுமை, அற்புதம்னு தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. ஸ்டெல்லா மெஷினை ஒரு தட்டு தட்டிக் குடுத்துட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கேட்டுக்கிட்டே இருக்கோமே, பதிலே வரலையேன்னு நாம மேல இருக்கிறவங்க கிட்ட எவ்வளவு வருத்தப்படுறோம்! என் விஷயத்துல பதில் நான் கேக்கிறதுக்கு முன்னாடியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

நான்தான் அதைச் சுவத்தோரம் தள்ளி வெச்சிருந்தேன்!