பழசா-புதுசா அக்கா

கல்யாணமான புதிதில் "டிரைவர் எழுதறேன்" என்று அவள் சொன்னதை, மாமியார் பக்கத்து வீட்டில் "என் மருமக டிரைவர்" என்று பரப்பிவிட்டார். என்ன வண்டி என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் போய்ச் சேரவில்லை. அவள் எழுதுவது, கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டுத் திரையைப் படம் காட்டவைக்கும் நிரல். பத்தொன்பது வருடமாக அதே பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. படம் மாற வேண்டுமென்றால், திரை இப்போது இருக்கிற நிலையில் கைவைக்கக் கூடாது. நகல் எடுத்து, மாற்றத்தை நகலில் செய்து, திரை அதைத் தாங்குமா என்று பார்த்து, அப்புறம்தான் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். திரை புதியதற்கு முழுசாக வந்து சேரும்வரை பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. எழுதுகிற சோம்பேறிகள் வெறுமனே "நிலை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சொல் இடம் மாற்றுவதற்கு முன்னால் பழையதைக் குறிக்கும். மாற்றிய பின்னால் புதியதை. யாருடைய வேலையைச் சரிபார்த்தாலும் அவள் விடமாட்டாள்: "இது பழசா, புதுசா? தெளிவா எழுது." ஆபீஸில் அவளுக்குப் பழசா-புதுசா அக்கா என்றே பெயர்.

அவள் புருஷன் வீட்டுத் தரகர். ஒழுகுகிற வீட்டைக்கூடக் காற்றோட்டமான வீடு என்று விற்றுவிடுகிற வாய். நரம்பு நோய் அவருடைய கால்களை முதலில் வாங்கியது, பிறகு கைகளை, போன வருடம் அந்த வாயையும். மிச்சம் ஒரு ஆள்காட்டி விரல். சக்கர நாற்காலியில் மாட்டிய எழுத்துப் பலகையின் திரையில் அந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவார். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும். மற்றதெல்லாம் இமைதான்: ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை.

மூன்று மாதமாக அந்தத் திரை திடீர் திடீரென்று கறுத்துப்போனது. அணைத்துப் போட்டால் திரும்ப வரும். எழுதி வைத்தது மட்டும் வராது. அவள் துருவிப் பார்த்தாள். உள்ளே ஓடியது அவளுடைய டிரைவரின் பழைய பதிப்பு. திரை மங்கித் தெளிகிற நொடியில் புதுப் படம் வந்தால், பழையதைத் தூக்கிப் போட வேண்டிய ஒரு வரி புதியதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. வெறுமனே "நிலை" என்று எழுதிய வரி. பதினோரு வருடத்துக்கு முன்னால் எழுதியவள் அவளேதான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை. அன்றைக்கு அவளிடம் பழசா புதுசா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினாள். ஊர் உலகத்துத் திரைகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. அவருடைய பலகைக்கு மட்டும் போகவில்லை; அதைச் செய்த கம்பெனிக்குப் போன் போட வேண்டியிருந்தது.

"அந்த மாடலுக்கு இனிமே அப்டேட் கிடையாது மேடம்."

"அதுக்குள்ள இருக்கற டிரைவர எழுதினதே நான்தாங்க. திருத்தினதும் கையில இருக்கு. அத ஏத்த விடாம பலகையில நீங்க போட்டிருக்கற பூட்ட மட்டும் திறந்து விடுங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

புது மாடலும் வாங்கிப் பார்த்தாள். அதில் எழுத்துகள் வேறு வரிசையில் இருந்தன. விரல் பழகிய பாதையை விட்டு நகரவில்லை. ஒரு வாரம் போராடிவிட்டு, அதைப் பார்க்கவே மாட்டேன் என்று அவர் கண்களை இறுக்கிக்கொண்டார். பழைய பலகையே திரும்ப வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் எழுத ஆரம்பித்தார். அவள் எட்டிப் பார்க்க வந்தபோது இரண்டு முறை இமைத்தார். சரி, முடிக்கட்டும் என்று துணி மடிக்கப் போனாள். பத்தரை மணிக்கு விரல் நின்றது. வந்து பார்த்தால் திரை கறுப்பு.

"என்னங்க, முக்கியமானதா?"

ஒரு முறை இமைத்தார்.

"எனக்கா எழுதினீங்க?"

ஒரு முறை.

அவர் எழுதியது உள்ளே ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. திரைதான் செத்துக் கிடக்கிறது. திரை வேண்டுமானால் அணைக்க வேண்டும். அணைத்தால் எழுதியது போய்விடும். பத்தொன்பது வருடப் பிழைப்பு அவளுக்கு இதைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் உதவியது. பாவி, ஒரு சொல், ஒரே ஒரு சொல் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் விரல் அணைத்துப் போடும் பொத்தானைக் காட்டியது. அழுத்தினாள். திரை பளிச்சென்று, காலியாக வந்தது.

பலகையை அவர் விரலடியில் வைத்தாள். விரல் நகரவில்லை.

"விரல் வேணாம். நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லிட்டு வரேன், சரியான எழுத்து வந்தா இமைங்க. எவ்வளவு நேரமானாலும் பரவால்ல."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு முறை இமைத்தார்.