மட்டம் பார்த்த போன்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிட ஆளில்லாமல் அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. வெளியே எல்லோருக்கும் அவர் ‘மட்டம்’. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது தொழில். ஒவ்வொரு கல்லையும் பதித்துவிட்டு அதன் மேல் ரசமட்டத்தை வைப்பார். கண்ணாடிக் குழலுக்குள் ஓடும் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து அடங்கி நிற்கிற வரை அடுத்த கல்லைத் தொடமாட்டார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

“மட்டம் வச்சே பிழைக்கிற மனுஷன், ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்ல பாரு” என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெயிண்டர் ஒருவர், “என்ன இருந்தாலும் மட்டமான ஆளுதானே!” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். இவரும் சிரித்துவிட்டு ரப்பர் சுத்தியலை எடுப்பார். தொழிலைப் பற்றி எவ்வளவு கேலி செய்தாலும் அவருக்குச் சுடாது. தரை நேராக இருக்கும்போது மனிதனுக்கு வேறென்ன பயம்?

குழப்பம் ஒரு பார்சலில் வந்தது.

மகள் வேறொரு நகரத்தில், ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். பொத்தான் வைத்த போன் போய், தொட்டால் நகரும் போன் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த காலம். அவள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைப் பஞ்சில் சுற்றி அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். முதுகு லேசாக உப்பிய, கருப்பான போன். மேசையில் மல்லாக்க வைத்தால் ஆமை மாதிரி ஆடியது.

முதல் நாளே மகள் கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் வந்தது. கீழே ஒரு பச்சைப் பட்டை, அதைத் தள்ள வேண்டும். இவர் தள்ளினார். முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. அழுத்தித் தள்ளினார். நகத்தால் தள்ளினார். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துண்டில் துடைத்தபடி ஓடிவந்து ஒரு விரலால் லேசாக இழுத்தாள். “அப்பா!” என்றது போன்.

“பாத்தீங்களா, நான் சொன்ன பேச்சைக் கேக்குது” என்றாள் மனைவி. “உங்களை அது மனுஷனாவே மதிக்கலையே!”

மகள்தான் விளக்கினாள். “அதுக்கு விரல்ல கொஞ்சம் ஈரப்பசை வேணும்ப்பா. சிமெண்ட்லயும் பசையிலயும் போட்டு உங்க விரல் காய்ச்சுப்போச்சு. தொடுறது கல்லுன்னு அது நினைச்சுக்குது.”

அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் ரேகை தேய்ந்து உள்ளங்கால் மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கைக்குச் சுத்தியல் மதிப்புக் கொடுத்திருக்கிறது, கல் மதிப்புக் கொடுத்திருக்கிறது. மகள் அனுப்பிய பொருளுக்கு மட்டும் இவர் யாரென்று தெரியவில்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை நடக்கிற இடத்தில் போன் அடித்தபோது, கையில் சிமெண்ட், பக்கத்தில் மனைவியும் இல்லை. முகத்துக்கு நேரே பிடித்து மூக்கால் தள்ளினார். திறந்துகொண்டது! அதைப் பார்த்துவிட்ட பெயிண்டர், “என்ன மட்டம், போனுக்கு முத்தமா?” என்று கத்த, மாடியிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

அன்றைக்குப் பேசும்போது மகள் ஒரு செய்தி சொன்னாள். “அப்பா, அதுல ரசமட்டமும் இருக்கு. உங்களுக்காகவே தேடி ஏத்தி வச்சேன். அம்மாவை எடுத்துக் காட்டச் சொல்லுங்க.”

சாயங்காலம் மனைவி திரையைத் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தாள். பச்சை நிறத்தில் ஒரு குழல், உள்ளே ஒரு குமிழி. போனைச் சாய்த்தால் குமிழி ஓடியது. அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே திரவம் எதுவும் இல்லை. இல்லாத தண்ணீரில் எப்படிக் குமிழி மிதக்கும் என்று கேட்டால், “எனக்கென்னங்க தெரியும், நான் என்ன அதைப் பெத்தவளா?” என்றாள் மனைவி.

முதுகு உப்பியிருந்ததால் போனைப் பக்கவாட்டில் நிறுத்தித்தான் மட்டம் பார்க்க முடிந்தது. மேசையில் நிறுத்தினார். சாய்வு என்றது. ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார். சாய்வு. கடைசியில், தன் கையால் போட்ட தன் வீட்டுத் தரையில் நிறுத்தினார். குமிழி கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. ஓடிப்போய் ரசமட்டத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதன் குமிழி நடுவில் நின்றது. ஒரே தரை, இரண்டு குமிழி, இரண்டு தீர்ப்பு.

“இதுல ஒருத்தன் பொய் சொல்றான்” என்றார்.

“ஒருவேளை வீடே சாஞ்சிருக்கோ என்னமோ” என்றாள் மனைவி, சாப்பிடக் கூப்பிட வந்தவள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது அவர் ஒரு பல் மருத்துவரின் புது கிளினிக்குக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது. மறுநாள் அங்கே போய் இரண்டையும் அருகருகே வைத்தார். அதே சண்டை. ஒரு கல்லை எடுத்தார், வைத்தார், பெயர்த்தார். மறுபடி வைத்தார். எந்தக் குமிழியை நம்பி வைப்பது?

அவர் மண்டைக்குள் இரண்டு பேர் வழக்காடினார்கள். ஒருவன் சொன்னான்: வேறு தேசத்தில் மழை பெய்கிறதா என்று இங்கிருந்தே சொல்கிற சாமான் இது, காலடியில் இருக்கிற தரை தெரியாமலா போகும்? இன்னொருவன் சொன்னான்: உயிரோடிருக்கிற மனிதனின் விரலையே கல் என்று நினைக்கிற சாமான், மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து செத்துப்போகிற சாமான், இதை நம்பியா தொழில் செய்வாய்? முதலாமவன் விடவில்லை. மூக்கைத் தெரிந்துகொண்டதே, அதற்கென்ன சொல்கிறாய் என்றான். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. கரைத்த சிமெண்ட் சட்டியிலேயே இறுகியது. சாப்பாட்டு வேளைக்கு முன்பே அவர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மட்டம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டார் என்று அந்தக் கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அடுத்த நாள் அவர் மறுபடி கிளினிக்குக்குப் போனபோது பல் மருத்துவரே அங்கே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி, மரியாதையாகப் பேசுபவர்.

“என்னாச்சுங்க? உடம்பு சரியில்லையா? நாற்காலி வர்ற நாள் நெருங்கிடுச்சு. படுத்திருக்கிறவங்க வாயில நான் வேலை செய்யணும், தரை துளி ஆடினாலும் எனக்குக் கஷ்டம்.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. தரை நேரா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல.”

“உங்களுக்கே தெரியலையா?” மருத்துவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று புரியவில்லை.

இவர் இரண்டையும் தரையில் வைத்துக் காட்டினார். மருத்துவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நன்றாகப் பார்ப்பதற்காகப் போனைக் கையில் எடுத்தார். திரும்பக் கீழே வைக்கும்போது முன்பின்னாகத் திருப்பி, தன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். சற்று முன் சுவர்ப் பக்கம் சாய்கிறது என்று சொன்ன போன், இப்போது வாசல் பக்கம் சாய்கிறது என்றது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“ஒரே தரை ரெண்டு பக்கமும் எப்படிங்க சாயும்?” என்றார் மருத்துவர். போனின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் தரையில் பட்ட பக்கம் நெல்லளவு துருத்திக்கொண்டிருந்தது. போன் அதன் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் இவ்வளவு நாளும் ஊரைக் குறை சொல்லியிருக்கிறது.

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. “அப்ப பொய் சொன்னது போன்தான்!” என்று ரசமட்டத்தைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

“எதுக்கும் உங்களோடதையும் ஒரு தடவை திருப்பி வச்சிடுங்க. ஓரவஞ்சனை வேண்டாம்” என்றார் மருத்துவர், எழுந்து சேலை மடிப்பைத் தட்டிவிட்டபடி.

தொழில் கற்ற காலத்தில் அவரும் செய்த சோதனைதான். ரசமட்டத்தைத் திருப்பி வைத்தாலும் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். செய்து எத்தனையோ காலமாகிவிட்டது. பிடி தேய்ந்த பக்கம் எப்போதும் இடது கைக்கு வரும்படி வைத்தே பழகிவிட்டார். சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தார். குமிழி மெல்ல நகர்ந்து, கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது.

மறுபடி திருப்பினார். நடுவில் நின்றது. மறுபடி திருப்பினார். வெளியே போனது.

ஒரு கட்டடத்தில் மாடிப்படியிலிருந்து அது கீழே உருண்டது ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடி உடையவில்லை என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார்! உடைந்திருந்தால் புதிது வாங்கியிருப்பார்.

“அப்போ எதுங்க சரி?” என்றார் மருத்துவர்.

“ரெண்டும் இல்லம்மா.”

நீளமான ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு மூலையில் பிடித்து, பழைய முறைப்படி அளந்து பார்த்தார். இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நின்ற தண்ணீர் யார் பக்கமும் பேசவில்லை. போட்ட பாதித் தரை சுவரை நோக்கி ஒரு பொத்தான் கனத்துக்கு இறங்கியிருந்தது. அவர் உளியை எடுத்தார். மருத்துவருக்குக் கோபம் வந்தது, தாமதமாகிறதே என்று இரண்டு வார்த்தை கடிந்தும் கொண்டார். ஆனால் கல்லைப் பெயர்க்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

இரவு போல இருட்டிய முகத்தோடு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். மகளுக்கும் சொல்லியாயிற்று. “அப்ப என் போனாலதானே கண்டுபிடிச்சீங்க!” என்றாள் மகள், பெருமையாக.

“அது தப்பாதானே சொல்லுச்சு?”

“தப்பா சொன்னதாலதானேப்பா தெரிஞ்சுது!”

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்லிக் குடியைக் கெடுப்பவர்களைக் கண்டிருக்கிறார். பொய் சொல்லி உண்மையைக் காட்டிக்கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறார். இதைக் கும்பிடுவதா, குப்பையில் போடுவதா?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ரசமட்டம் விழுந்த பிறகு போட்ட தரைகள் என்ன ஆவது? அவற்றில் தன் வீட்டுத் தரையும் சின்னச் சின்னக் குளியலறைகளும் போக, பெரியது ஒரு நகல் எடுக்கிற கடை. ‘யாரும் வந்து குறை சொல்லவில்லையே, நீயாகப் போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய்’ என்று மனது சொன்னது. கால் கேட்கவில்லை.

கடைக்காரம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மேசைக் காலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்கண்ணே! என்ன இந்தப் பக்கம்?”

“சும்மாதான். தரை எப்படி இருக்கு?”

“தரைக்கென்ன, கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த நாற்காலிதாண்ணே சனியன். காலை எடுத்தா ஜன்னல் பக்கம் ஓடிடுது. ஒண்ணை மாத்தி இன்னொண்ணு வாங்கினேன், அதுவும் ஓடுது. நான் உக்கார்ற லட்சணம் சரியில்லன்னு எங்க வீட்டுக்காரர் தினம் ஒரு பாட்டு.”

அவர் வாசலைப் பார்த்தார். அப்படியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். நாற்காலி மேல் பழி போய்க்கொண்டிருக்கிறது, போகட்டும். தொண்டையைச் செருமினார்.

“நாற்காலி மேல தப்பில்லம்மா. நீங்க உக்கார்றதிலயும் தப்பில்ல. என் மட்டம் கெட்டுப்போயிருந்திருக்கு. தரைதான் சாய்வு.”

அவள் புரியாமல் விழித்தாள். பிறகு தரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். இடி விழப்போகிறது என்று இவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் மேசை மேல் இருந்த போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கேட்டீங்களா? நான் ஒழுங்காதான் உக்காந்திருக்கேன்! தரை போட்டவரே வந்து சொல்றாரு. இந்தாங்க, நீங்களே கேளுங்க!” என்று போனை இவர் காதில் வைத்து அழுத்தினாள். மறுமுனையில் இருந்தவரிடம், “ஆமாங்க, அவங்க ஒழுங்காதான் உக்காந்திருக்காங்க” என்று இவரும் சாட்சி சொன்னார். திட்டு வாங்க வந்த இடத்தில் இதென்ன வேலை என்று அவருக்கே விளங்கவில்லை.

கடை விடுமுறை வந்ததும் ஜன்னல் பக்கத்துக் கல்லையெல்லாம் பெயர்த்து எடுத்தார். புது ரசமட்டம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் அதைத் திருப்பி வைத்து ஒரு முறை, தண்ணீர்க் குழாயால் ஒரு முறை என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அதன் பேச்சைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

கடை திறந்த அன்று கடைக்காரம்மா நாற்காலியை நடுவில் போட்டு, காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலி இம்மி நகரவில்லை. அவர் மூச்சை விட்டார்.

அவள் முகம் சுருங்கியது. “அண்ணே, இப்ப அந்தப் பக்கம் சாயுற மாதிரி இருக்கே.”

“எந்தப் பக்கம்?”

“ஜன்னலுக்கு எதிர்ல, வாசல் பக்கம். தலை சுத்துற மாதிரி இருக்குண்ணே.”

அவர் ரசமட்டத்தை வைத்தார். திருப்பி வைத்தார். குழாயைப் பிடித்துக் காட்டினார். எல்லாம் நேர் என்றன. அவளும் குனிந்து குமிழியைப் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். நிமிர்ந்ததும், “ஆனா சாயுதே” என்றாள்.

“கொஞ்ச நாள் உக்காந்து பாருங்கம்மா.”

“கொஞ்ச நாள்ல தரை மாறிடுமா?”

“தெரியலம்மா” என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டும் கிளம்ப மனமில்லாமல், அவள் நாற்காலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து பார்ப்பதையே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.