வேனுக்குள் அடித்த பெருங்காய வாசனை

போன கோடை விடுமுறையில் படுக்கையும் கேஸ் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து, ஜெர்சி சிட்டியிலிருந்து அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டியே தெற்கு நோக்கிக் கிளம்பினோம். நான், கணவர், ஒன்பது வயது மகள். வெளிச்சாப்பாடு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் மளிகை வாங்கி வேனை நிரப்பியிருந்தேன்.

முதல் நாள் மாலை ரசத்துக்குத் தாளித்தேன். மிளகாய் நெடி ஏறியதும் வேனிலிருந்த புகை அலாரம் வீறிட்டது. வீட்டிலும் இதே கதைதான். நான் தாளித்தால் அவர் துண்டை எடுத்துக்கொண்டு அலாரத்துக்கு விசிறப் போய்விடுவார். வேனில் விசிற ஏது இடம்? கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். கேஸ் கசிந்தாலும் அதுதான் கத்தவேண்டும் என்பது இருவருக்குமே தெரியாது.

மறுநாள் ஒரு மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போய், வர்ஜீனியாவில் கடலோரமாக ஒரு கேம்ப்கிரவுண்டில் நிறுத்தினோம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்கினோம். காலையில் கண் விழித்தால் வேன் முழுக்கப் பெருங்காய வாசனை!

"டப்பாவை டைட்டா மூடுன்னா கேக்கறியா?" என்றார் கணவர். காபி போட லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பாலைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு ஜிப்லாக் பைக்குள் போட்டு வைத்த டப்பாவிலிருந்து எப்படி வாசனை வரும்? எதையும் துருவிப் பார்க்காமல் விடமாட்டேன் நான். "இருங்க, இதை வெளியில வெச்சுட்டு வரேன். அப்பவும் வாசனை அடிச்சா என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்" என்று டப்பாவைக் கொண்டுபோய் வெளியே மர மேஜையில் வைத்தேன். கடல் காற்றை நன்றாக இழுத்து விட்டுவிட்டு உள்ளே வந்தேன். வாசனை அப்படியேதான் இருந்தது. கூடவே ஏதோ அழுகிய நெடி. மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். குனியக் குனிய அதிகமானது. மகள் தூங்கிக்கொண்டிருந்த தாழ்வான படுக்கைக்குப் பக்கத்தில்தான் பலமாக அடித்தது.

அப்போதுதான் உறைத்தது. "லைட்டரைத் தொடாதீங்க! இது கேஸ்!" என்று கத்தினேன்.

மகளைப் போர்வையோடு வாரிக்கொண்டு வெளியே ஓடினோம். "அம்மா, ஃபைவ் மோர் மினிட்ஸ்..." என்று அவள் முனகினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வேன் அமெரிக்கப் பெண்மணி, சிலிண்டர் வால்வைத் தேடி மூடினார். குலுங்கியதில் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கீழே தேங்கும், அதற்கென்று சொந்தமாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றத்தைக் கலக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

என் புத்தி சும்மா இருக்குமா? இரண்டும் ஒரே வாசனைதானா என்று கேட்டுப் பெருங்காய டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன். முகர்ந்தவர் இரண்டடி பின்னால் போய், "யூ ஈட் திஸ்?" என்றார். சிரிக்க ஆரம்பித்த நான், அப்படியே அழுதுவிட்டேன்.

தெரியாத நாற்றமாக இருந்திருந்தால் உடனே பதறியிருப்போம். நம் வீட்டு வாசனை மாதிரி இருந்ததால்தான், பிள்ளையை அதற்குள்ளேயே தூங்கவிட்டு நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.