சதுரங்கப்பட்டினத்து ஒன்பது கஜம்

கோட்டை வாசலில் வேன் நின்றதும் திவ்யா முதல் ஆளாக இறங்கினாள். மாமல்லபுரத்தில் எல்லாம் நன்றாகவே போயிருந்தது. சதுரங்கப்பட்டினம் ஒன்றுதான் பாக்கி. இதையும் ஒழுங்காக முடித்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று முதலாளி விஷாகா சொல்லியிருந்தாள்.

வேனை ஓட்டி வந்தவர் திவ்யாவின் அப்பா தர்மராஜ். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்த கொஞ்ச நிலமும் கைவிட்டுப் போனபின் ஸ்டியரிங் பிடித்தவர். அந்த வீட்டில் முதல் பட்டம் திவ்யாவுடையது, ஆங்கில இலக்கியம். வேலை கேட்டு, சிறுசேரியில் அவள் ஏறி இறங்காத மென்பொருள் கம்பெனி இல்லை. எழுதச் சொன்னால் தேறுவாள். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தர்மராஜ்தான் விஷாகாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிற வேலையில் அவளைச் சேர்த்துவிட்டார். மனப்பாடம் செய்த கதையைச் சொல்வதற்கு நாக்கு மறுக்கவில்லை.

“கைடு வாயில ‘தெரியாது’ன்னு வரவே கூடாது, திவ்யா. வந்துச்சுன்னா டூர் அங்கயே செத்துடும்.” விஷாகா முதல் நாளே போட்ட சட்டம் இது.

அன்று வந்திருந்தது ஒரு மென்பொருள் கம்பெனிக் கூட்டம். முன்பு திவ்யாவை நேர்காணலில் கழித்துவிட்ட அதே கம்பெனி. அங்கே யாருக்கும் அவள் முகம் நினைவில்லை. கூட்டத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி ரூத்துக்குப் பிடித்துப்போனால், வருஷம் முழுக்க அவர்களுடைய பயணமெல்லாம் விஷாகாவுக்குத்தான். அதனால் விஷாகாவும் கூடவே வந்திருந்தாள்.

இடிந்த டச்சுக் கோட்டையில் என்ன இருக்கிறது என்று வருகிறவர்கள் அலுத்துக்கொள்வதைப் பார்த்து, விஷாகா அங்கே ஒரு சடங்கை ஏற்படுத்தியிருந்தாள். அரக்கு நிற ஒன்பது கஜப் புடவையைப் பிரித்து மதிலோரம் நீட்டி, இரண்டு பேரை ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு கதை. ஒன்று விடாமல் முழுவதும் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்கிறார்களே, அந்தப் பேச்சு பிறந்ததே இங்கேதான். இங்கிருந்து கப்பலேறும் துணியை வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் ஒன்பது கஜத்தையும் விரித்துக் காட்டச் சொல்வார்களாம். கதை முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் அந்த வார்த்தைகளைக் கத்துவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை சொன்னபோதே திவ்யாவுக்கு நெருடியது. தேடிப் பார்த்தாள். தோண்டத் தோண்டக் கதைகள் வந்தன, ஆதாரம் மட்டும் வரவில்லை. ஆனாலும் வாரா வாரம் வந்து அதே கதையைச் சொன்னாள். இதுவும் பிழைப்புதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

அன்று புடவையின் ஒரு முனையை ஸ்ரேயாஸ் பிடித்திருந்தான். மறுமுனை அவனோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அனுவிடம். திவ்யா கதையை முடிப்பதற்குள் ஸ்ரேயாஸ் சிரித்துவிட்டான்.

“சும்மா அடிச்சு வுடாதீங்க மேடம். அது துப்பாக்கி ரவை. ரெண்டாம் உலகப் போர்ல விமானத்துல இருந்த ரவைப் பட்டை ஒன்பது கஜ நீளம். மொத்தத்தையும் சுட்டுத் தீர்க்கிறதுதான் நைன் யார்ட்ஸ்.”

“போடா, அது கான்கிரீட் லாரி. ஒரு லாரி நெறய ஒன்பது கன கஜம். எங்கப்பா இன்ஜினியர், எனக்குத் தெரியாதா?” என்றாள் அனு.

“உங்கப்பா இன்ஜினியரா, லாரி டிரைவரா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தூரத்தில் வேனில் சாய்ந்து நின்ற தர்மராஜும், என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

“கைடு எதுக்கு இருக்காங்க? அவங்களையே கேளுங்க,” என்றாள் ரூத்.

திவ்யா பேசினாள். மனப்பாடம் இல்லாத ஆங்கிலம், அவளுடைய சொந்த ஆங்கிலம். அந்தப் போருக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தப் பேச்சு வந்துவிட்டது, அதனால் ரவைப் பட்டை இல்லை என்றாள். அப்போது கான்கிரீட் லாரி ஏது? அந்தக் காலத்தில் ‘ஆறு கஜம்’ என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள், ஆக அந்த ஒன்பதையே நம்ப முடியாது என்றாள். நாக்கு ஒட்டவே இல்லை. அனு வாயைப் பிளந்தாள். யாரோ விசிலடிக்க, மொத்தக் கூட்டமும் கைதட்டியது. விஷாகாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை திவ்யா அதுவரை பார்த்ததில்லை.

“ஒத்துக்கறேன்,” என்றான் ஸ்ரேயாஸ். “அப்போ உங்க புடவைக் கதைதான் கரெக்ட்டு?”

சொல்லிவிடு என்பதுபோல் விஷாகா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். மற்ற கதைகளை வெட்டிய கத்தி தன் கதையின் கழுத்திலேயே வந்து நிற்பது திவ்யாவுக்குத் தெரிந்தது.

“இல்ல சார். இதுக்கும் ஆதாரம் கெடையாது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

“இதுக்கா இவ்ளோ பில்டப்பு?” ஸ்ரேயாஸ் முனையை விட்டுவிட்டான். புடவை மணலில் விழுந்தது. அன்று யாரும் அந்த வார்த்தைகளைக் கத்தவில்லை. ரூத் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்டபடி வேனுக்கு நடந்தாள்.

விஷாகா குரலை உயர்த்தவில்லை. “அவங்க கதை கேக்க வந்தாங்க. நீ அவங்க முன்னாடி பரீட்சை எழுதுன. நாளைலேர்ந்து வர வேணாம்மா.”

அது சுருக்கென்று தைத்தது. உண்மைக்காகத்தான் சொன்னேனா, இல்லை, என்னைக் கழித்தவர்கள் முன்னால் என் ஆங்கிலத்தைக் காட்டிக்கொண்டேனா? திவ்யா குனிந்து புடவையை எடுத்தாள். அத்தனை நீளத்தை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. தர்மராஜ் ஓடி வந்து மறுமுனையை எடுத்தார்.

“கைத்தட்னாங்களே! அங்கேந்து பாத்துகினுதான் இருந்தேன். வூட்டுக்கு போன் போட்டுட்டேன்.”

“இன்னான்னு நைனா?”

“வேல கன்பார்ம்னு. உங்கம்மா தெரு பூரா சொல்லிகினு கீது.”

முனையோடு முனை சேர்க்க அவர் நடந்து வருவார், மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவருக்கும் நடுவே தூரம் குறைந்துகொண்டே வந்தது. இனி அவர் கண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றபோது சொன்னாள்.

“வர வேணாம்னுட்டாங்க நைனா.”

அவர் கை அப்படியே நின்றது. “இன்னாடி பண்ண?”

“ஒண்ணு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்.”

“தெரியும்னு சொல்லித் தொலச்சிருக்கலாமே! உனுக்காக அந்தம்மா கால்ல வுழாத கொறயா நின்னனே!”

“யாருக்குமே தெரியாது நைனா.”

“டிரைவர் அண்ணா, ஏசி போடுங்க!” வேனிலிருந்து யாரோ கத்தினார்கள். அவர் கடைசி மடிப்பை அவள் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நடந்தார்.

போன் அடித்தது. அம்மா எல்லம்மாள். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்களின் சிரிப்பு.

“இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்ன? எல்லாரும் கேக்குறாங்கடி. ஒண்ணு வுடாம சொல்லு!”

திவ்யா புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சிறுசேரி நேர்காணல்களில் போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது.